தொலைவும் வழியும்

இரண்டு ஊர்களுக்கிடையே தொலைவு எவ்வளவு என்று கேட்டால், எண் ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும் என்று எண்ணுகின்றோம். இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகின்றது. இலக்கியம் கற்றோர்க்கு இக்கேள்வி அத்துணை எளியதன்று. எண்ணை அடுக்கியும் தொலைவை உணர்த்த மாட்டாத நூல்கள் உள. எண்ணே கூறாமல், படிப்பவனை வழி முழுதும் நடத்திச் செல்லும் நூல்களும் உள. பயண இலக்கியத்தின் தரத்தை மதிப்பிட இவ்வேறுபாடே தக்க உரைகல் என்பது என் துணிபு. நம்மவர் எழுதும் ஹஜ்ஜுப் பயண நூல்கள் பெருகிவரும் இக்காலத்தில் இதனை எண்ணிப் பார்ப்பது பயனுடையது. அதனை நம் தருமபுரி மாவட்டத்துக் கற்களிலிருந்தே தொடங்குவோம்.

பண்டைத் தகடூரே இன்றைய தருமபுரி என்பதும், அதியமான் மரபினர் இங்கிருந்து ஆண்டனர் என்பதும் யாவரும் அறிந்தவை. அம்மரபின் பெயரால் வழங்கிய நெடுஞ்சாலை ஒன்று இப்பகுதியில் இருந்தது. அதன் பெயர் அதியமான் பெருவழி. அச்சாலையில் நடப்பட்டிருந்த காதக் கற்கள் இரண்டு இம்மாவட்டத்தில் கண்டெடுக்கப்பட்டுள்ளன. எழுத்தமைதியை நோக்கி அவற்றை கி.பி. 13ஆம் நூற்றாண்டின என்பர் அறிஞர். சாலையின் பெயரைச் சொல்லி, நாவல் தாவளத்துக்கு 27 காதம் என்று ஒரு கல்லும், 29 காதம் என்று மற்றொரு கல்லும் அறிவிக்கின்றன. எழுத்தோடு குழிகளும் உண்டு. பெரிய குழி பத்தைக் குறிக்கும். சிறிய குழி ஒன்றைக் குறிக்கும். எழுத்தறியாத மாட்டுக்காரனும் இரவில் விரலால் தடவி எண்ணிக்கொள்ளலாம். கல்லை நட்டவன் கற்றவனுக்கு மட்டும் நடவில்லை.

அக்கல்லில் நாம் கருதத்தக்க மற்றொரு நுட்பமும் உண்டு. தாவளம் என்பது வணிகரும் அவர்தம் பொதி மாடுகளும் தங்கி இளைப்பாறும் இடம். அங்கே நீர் உண்டு, நிழல் உண்டு, காவல் உண்டு, விற்போரும் வாங்குவோரும் கூடுவர். கல், அரசனின் அரண்மனைக்கு எத்தனை காதம் என்று கூறவில்லை. நடந்து களைத்தவன் எங்கே சென்று சுமையை இறக்கலாம் என்பதைக் கூறுகின்றது. பெயர் அதியமானுடையது, செய்தியோ வழிப்போக்கனுக்குரியது. அந்தத் தாவளத்தின் பெயர் இன்றைய வரைபடத்தில் இல்லை. எண் நிலைத்துவிட்டது, ஊர் மறைந்துவிட்டது. எண் மட்டும் எஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இக்கல்லை அரபு நாட்டுக் கற்களோடு ஒப்பிடுவது நலம். உமையாக்களின் கலீபா அப்துல் மலிக் இப்னு மர்வான் கி.பி. 685 முதல் 705 வரை ஆண்டவர். பைத்துல் முகத்தஸில் குப்பத்துஸ் ஸக்ராவை எழுப்பியவர். திமிஷ்க் நகரையும் பைத்துல் முகத்தஸையும் இணைத்த சாலையில் அவர் நடுவித்த மைல்கற்கள் சில கிடைத்துள்ளன. திமிஷ்கிலிருந்து இந்த மைல் வரை 109 மைல்கள் என்பது ஒன்றின் செய்தி. பைத்துல் முகத்தஸுக்கு அந்நாளில் வழங்கிய ஈலியா என்னும் பெயரைக் கூறி, அங்கிருந்து 8 மைல்கள் என்பது மற்றொன்றின் செய்தி. இவை "இருந்து" என்னும் வேற்றுமையில் பேசுகின்றன. அரபியில் "மின்" என்பர். தலைநகரைப் பின்னே நோக்கி, அதன் ஆணை எவ்வளவு தூரம் நீண்டிருக்கின்றது என்று காட்டுகின்றன. தருமபுரிக் கல்லோ "க்கு" என்னும் வேற்றுமையில் பேசுகின்றது. நடப்பவன் முகம் எத்திசையில் உள்ளதோ அத்திசையிலேயே அதன் முகமும் உள்ளது. இரண்டும் நற்பணியே. எனினும், ஒன்று ஆட்சியின் அளவு. மற்றொன்று வழியின் அளவு. பயண நூல்களிலும் இவ்விரு வகையைக் காணலாம். தான் எங்கிருந்து வந்த பெரியவன் என்று காட்டும் நூல் ஒரு வகை. பின்னால் வருபவனுக்கு எங்கே நீர் உண்டு என்று காட்டும் நூல் மற்றொரு வகை.

இனி, அளவைச் சொற்களை நோக்குவோம். தமிழில் நான்கு கூப்பீடு கொண்டது ஒரு காதம். கூப்பீடு என்பது ஒருவன் உரக்கக் கூப்பிட்டால் மற்றொருவன் செவியில் விழும் தொலைவு. நாழிகை வழி என்றும் ஒரு வழக்கு உண்டு. ஒரு நாழிகையில் நடந்து கடக்கும் தூரம் அது. மனிதனின் குரலும் காலும் இவ்வளவைகளில் உள்ளன. அரபியிலும் இவ்வாறே. மூன்று மைல் ஒரு ஃபர்ஸக். நான்கு ஃபர்ஸக் ஒரு பரீத். பரீத் என்ற சொல் அஞ்சற்காரனையும், அவன் குதிரை மாற்றும் இடைத்தூரத்தையும் சேர்த்தே குறித்தது. மர்ஹலா என்பது ஒரு நாட்பயணம். தொலைவும் காலமும் அக்காலத்தில் இரு வேறு பொருள்களாக இருக்கவில்லை.

இதனை நம் ஃபிக்ஹுச் சட்ட நூல்கள் எவ்வளவு நுட்பமாக ஆய்ந்துள்ளன என்பதைப் பலர் நினைப்பதில்லை. பயணி எனப்படும் முஸாபிர் நான்கு ரகஅத்துத் தொழுகையை இரண்டாகச் சுருக்கிக் கொள்ளலாம். எவ்வளவு தூரம் செல்பவன் முஸாபிர்? ஷாபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா, அதாவது 16 ஃபர்ஸக், 48 மைல். ஹனபி மத்ஹபின் மூல அளவு மூன்று நாட்பயணம். ஒட்டகத்தின் நடை, கால்நடை ஆகிய நடுத்தர வேகத்தில் அது கணிக்கப்படும். இடையிடையே தங்கி ஓய்வெடுக்கும் நேரமும் அக்கணக்கில் அடங்கும். ஓய்வு பயணத்துக்குப் புறம்பானதன்று. அதன் உறுப்பு என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கின்றது. பிற்கால உலமாக்கள் இவற்றை இக்கால அளவைக்குப் பெயர்த்தபோது ஏறத்தாழ 77 கிலோமீட்டர் முதல் 90 கிலோமீட்டர் வரை பலவாறு கணித்தனர்.

இன்னும் இரண்டு சட்டங்களை ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். ஓர் ஊருக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று மூன்று நாள் வழி, மற்றொன்று அதனினும் குறைந்தது. நெடிய வழியில் செல்பவன் முஸாபிர். குறுகிய வழியில் செல்பவன் முஸாபிர் அல்லன் என்பது ஹனபி நூல்களின் முடிபு. ஊர் ஒன்றே; சென்று சேரும் பள்ளிவாசலும் ஒன்றே. எனினும் இருவருடைய சட்டமும் வேறு. அடுத்தது, மலைவழியை மலைக்குரிய நடையாலும் கடல்வழியை மிதமான காற்றில் செல்லும் கலத்தாலும் அளக்க வேண்டும். சமநிலத்து நடையால் மலையை அளக்கலாகாது. ஆகவே, தொலைவு என்பது இரண்டு ஊர்களுக்கு உரிய குணம் என்று நாம் நினைத்திருக்க, அது வழிக்கு உரிய குணம் என்று ஃபகீஹ்கள் கண்டனர். இலக்கியத் திறனாய்வாளன் இவர்களிடம் கற்க வேண்டிய பாடம் இது.

நம் மாவட்டத்தார்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தருமபுரியிலிருந்து சேலத்துக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் என்பது எண். இடையே தொப்பூர்க் கணவாய் உள்ளது என்பது வழி. காஷ்மீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அக்கணவாயில் இறங்கி வளைகின்றது. சரக்கேற்றிய கனரக ஊர்திகள் அவ்விறக்கத்தில் கட்டுக்கடங்காமல் ஓடி முன்னே சென்ற வண்டிகளை நொறுக்கிய விபத்துகள் பல. மலைக்கு மலையின் நடை என்ற சட்டத்தை மறந்து, மணிக்கணக்கை மட்டும் நினைந்து வருபவர்க்கு அவ்விடம் உயிர்க்கொல்லியாகின்றது. ஃபகீஹ்களின் நுட்பம் ஏட்டோடு நிற்பதன்று என்பதற்கு இதுவே சான்று.

இவற்றை மனத்திற் கொண்டு, நம் சமய வரலாற்றின் பெரும் பயணம் ஒன்றை நோக்குவோம். ஓரிரவில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மக்காவின் மஸ்ஜிதுல் ஹராமிலிருந்து மஸ்ஜிதுல் அக்ஸாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டதைத் திருமறையின் 17ஆம் அத்தியாயம் அறிவிக்கின்றது. மறுநாள் காலையில் அதனைக் கேட்ட குறைஷியர் நகைத்தனர். ஒட்டகக் கூட்டம் ஷாம் நாட்டுக்குப் போக ஒரு மாதம், திரும்ப ஒரு மாதம் ஆகுமே, ஓரிரவில் எவ்வாறு போய்வர முடியும் என்பது அவர்தம் எதிர்வாதம். அம்மறுப்பு அறியாமையால் எழுந்ததன்று. வழியை நன்கு அறிந்திருந்ததால் எழுந்தது. ஆண்டுதோறும் அவ்வழியில் சென்று வந்தவர்கள் அவர்கள்.

இன்று மதரஸாவில் இப்பாடத்தை நடத்தும்போது மாணவர் கேட்கும் கேள்வி வேறு. "விமானத்தில் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாமே, இதில் வியப்பென்ன, ஹஸ்ரத்?" என்பர் சிலர். அவர்களைக் கடிந்து பயனில்லை. குறைஷியர்க்குத் தெரிந்திருந்த ஒரு மாதம் இவர்களுக்குத் தெரியவில்லை. அந்த ஒரு மாதத்தின் வெயிலும் தாகமும் களைப்பும் நெஞ்சில் இல்லாதவனுக்கு, அது ஓரிரவாகச் சுருங்கியதன் பெருமையும் நெஞ்சில் படாது. ஆலிப் புலவரின் மிஃராஜ் மாலையை நம் முன்னோர் கேட்டு உருகியதற்கு அவர்தம் கால்களும் ஒரு காரணம். நடந்தறிந்தவர்கள் அவர்கள். தொலைவின் உணர்வு ஒரு சமுதாயத்தில் மங்குமானால், அதன் இலக்கியத்தின் ஒரு பகுதிப் பொருளும் உடன் மங்கிவிடும். இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது இதுவே.

குறைஷியரின் எதிர்வாதத்துக்குக் கிடைத்த விடையும் ஆய்வுக்குரியது. பைத்துல் முகத்தஸின் தோற்றத்தை விளக்குமாறு கேட்டனர், அண்ணலார் விளக்கினார்கள். அதனோடு நில்லாமல், இடைவழியில் கண்டவற்றையும் கூறினார்கள் என்று ஸீரத்து நூல்கள் அறிவிக்கின்றன. இன்ன இடத்தில் ஒரு வணிகக் கூட்டம் தங்கியிருந்தது. அவர்களுடைய ஒட்டகம் ஒன்று தவறிப்போயிருந்தது. மூடிவைத்த பாத்திரத்து நீர் பருகப்பட்டது. இன்ன கூட்டம் இன்ன நிற ஒட்டகத்தை முன்னே விட்டு வந்துகொண்டிருக்கின்றது என்பன அக்குறிப்புகள். கூட்டம் வந்து சேர்ந்தபோது அவை மெய்யென விளங்கின. ஒரு நகரத்தின் தோற்றத்தைச் செவிவழியாகவும் கேட்டறியலாம். மூடிய பாத்திரத்து நீர் குறைந்ததை வழியில் சென்றவரன்றிப் பிறர் அறியார். பயணத்தின் சான்று அதன் இடைவழியிலேயே உள்ளது.

திருமறையின் 34ஆம் அத்தியாயத்தில் வரும் ஸபா நாட்டார் வரலாறு இதற்கு மறுதலையான படிப்பினை. யமன் நாட்டில் மஃரிபு அணையின் வளத்தால் செழித்தவர்கள் ஸபாக்கள். அவர்களுக்கும் அருள்வளம் பெற்ற ஷாம் நாட்டு ஊர்களுக்கும் இடையே, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று தெரியும்படி இறைவன் ஊர்களை அமைத்தான். பயணத்தை அளவிட்டு எளிதாக்கினான். இரவும் பகலும் அச்சமின்றிச் செல்லுமாறு அருளினான். அவர்களோ அந்நலத்தில் சலித்து, தங்கள் பயணங்களின் தொலைவை நீட்டிவிடுமாறு வேண்டினர். நன்றி மறந்தமையால் சிதறுண்டு, பிறர் பேசும் கதையாகிப் போயினர்.

உரையாசிரியர்கள் இவ்விடத்தில் செல்வச் செருக்கைச் சுட்டுவர். வழி நெடியதாயின், கட்டுச்சோறும் வாகனமும் உடையவனே பயணம் செய்ய முடியும். இடையூர்கள் இருப்பின் ஏழையும் செல்ல முடியும். ஸபாக்களுக்கு இடையூர்கள் பொருட்டாகவில்லை. நாம் அவர்களைப் போன்று தொலைவை நீட்டுமாறு வேண்டவில்லை, சுருக்குமாறு வேண்டுகின்றோம். வேண்டுதல் நேர்மாறானது. எனினும் இடையிலுள்ள ஊர்களை இகழ்வதில் அவர்களும் நாமும் ஒன்றுபடுகின்றோம். புறப்படும் ஊரும் சேரும் ஊரும் போதும் என்று நினைக்கும் மனம் எக்காலத்தும் ஒன்றே.

இனி, அரபியில் "ரிஹ்லா" எனப்படும் பயண இலக்கியத்தை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். அந்தலூஸின் கர்னாத்தா நகரிலிருந்து கி.பி. 1183இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு 1185இல் ஊர் திரும்பியவர் இப்னு ஜுபைர். ஸப்தா துறையில் ஜெனோவா நாட்டார் கப்பலில் ஏறி, முப்பது நாளில் அலெக்ஸாந்திரியாவை அடைந்தார். நைல் நதி வழியாகக் கூஸ் நகர் சென்று, பாலையைக் கடந்து அய்தாபுத் துறையை அடைந்து, செங்கடலைத் தாண்டி ஜித்தா சேர்ந்தார். நாள் தவறாமல் குறித்துச் செல்கின்றார். அய்தாபிலிருந்து ஹாஜிகளை ஏற்றிச் சென்ற படகுகளை அவர் வருணிக்கும் பகுதி மறக்க இயலாதது. ஆணி அடிக்காமல் தென்னை நாரால் தைத்த படகுகள் அவை. மரம் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்தது. இடமில்லாத அளவுக்கு ஹாஜிகளை அடைத்து, ஒரே ஓட்டத்தில் படகின் விலையை ஈட்டிவிட முயலும் உரிமையாளர்களை அவர் கடிந்து எழுதுகின்றார். மக்காவிலிருந்து ஈராக்குக்குத் திரும்பும் வழியிலோ, கலீபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஸுபைதா அம்மையார் அமைத்த நீர்நிலைகளைப் போற்றுகின்றார். குற்றத்தைக் குற்றமென்றும் அறத்தை அறமென்றும் எழுதிய அவர் நூல், பின்னால் வருபவனுக்கு வழிகாட்டும் கல்.

உலகப் புகழ் பெற்ற இப்னு பதூதா 1325இல் தஞ்சாவிலிருந்து புறப்பட்டார். அய்தாபு வரை சென்றும் அங்கு மூண்டிருந்த பூசலால் கடல் கடக்க முடியாமல் திரும்பி, திமிஷ்க் சென்று ஹாஜிகள் கூட்டத்தோடு மக்காவை அடைந்தார். ஏறத்தாழ 16 மாதங்கள் ஆயின. ஓர் ஊருக்கு இரண்டு வழிகள் என்ற ஃபிக்ஹுச் சட்டம் இங்கே வாழ்க்கையாகவே நிகழ்கின்றது. பின்னர் அவர் மஃபர் எனப்பட்ட நம் தமிழகத்துக்கும் வந்து, மதுரைச் சுல்தானகத்தையும் அங்கே பரவிய கொள்ளைநோயையும் எழுதினார். அவர் பரப்பு பெரிது; செவி கூர்மையானது. ஆயினும் அவர் சொல்ல இப்னு ஜுஸை எழுதி 1355இல் முடித்த அந்நூலில் திமிஷ்க், மக்கா, மதீனா பற்றிய வருணனைகள் பல இப்னு ஜுபைரின் நூலிலிருந்தே எடுக்கப்பட்டவை என்பதை ஆய்வாளர் காட்டியுள்ளனர். நகர வருணனையைப் பிறர் நூலிலிருந்து பெறலாம். அய்தாபிலிருந்து திரும்பிய ஏமாற்றத்தைப் பெற முடியாது. ஆகவேதான் நகரங்களைப் பாடும் பக்கங்களைவிட வழியைக் கூறும் பக்கங்களிலேயே இப்னு பதூதா தாமாக நிற்கின்றார்.

நம் தமிழுக்கு வருவோம். பதினேழாம் நூற்றாண்டில் உமறுப் புலவர் இயற்றிய சீறாப்புராணம் 5027 பாடல்கள் கொண்டது. அதன் விலாதத்துக் காண்டத்தில், கதீஜா நாயகி (ரலி) அவர்களின் வணிகப் பொருட்டு அண்ணலார் மக்காவிலிருந்து ஷாம் சென்ற பயணம் விரித்துரைக்கப்படுகின்றது. அரபு வரலாற்று நூல்கள் இப்பயணத்தைச் சில பத்திகளில் முடித்துவிடும். உமறுப் புலவரோ பாதை போந்த படலத்தில் தொடங்கி, ஷாம் நகர் புக்க படலம் வரை அதனைப் பல படலங்களாக வகுக்கின்றார். சுரத்திற் புனலழைத்த படலம், பாந்தள் வதைப் படலம், நதி கடந்த படலம், புலி வசனித்த படலம், கள்வரை நதி மறித்த படலம் என்னும் பெயர்களே வழியின் வரலாற்றைச் சொல்லும்.

இப்படலங்களைக் காப்பியத்தின் மிகை என்று குறை கூறுவார் உளர். ஷாம் செல்லும் பாலையில் பெருநதி ஏது, புலி ஏது என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. நாட்டுப் படலத்திலேயே அரபு நாட்டைத் தமிழகத்து வளம் பொருந்திய நாடாகப் பாடிய புலவர், வழியையும் தமிழ் மரபுப்படியே அமைத்தார். நிலநூல் நோக்கில் அது குறையே. அதனை மறைத்து வாதிடுவது திறனாய்வுக்கு அழகன்று. வரலாற்றை அறிய விரும்புவோர் ஸீரத்து நூல்களையே நாடல் வேண்டும்.

எனினும் புலவர் எதைச் செய்ய முயன்றார் என்பதை நோக்கல் வேண்டும். தாகம், பாம்பு, வெள்ளம், புலி, கள்வர் ஆகிய ஐந்தும் பெருவழியில் நடந்த எந்தத் தமிழ் வணிகனும் அஞ்சியவை. அதியமான் பெருவழியில் தாவளம் ஏற்பட்டதற்கும் இவ்வைந்துமே காரணம். மக்காவுக்கும் ஷாமுக்கும் இடையே எத்தனை மைல் என்று கூறினால், கீழக்கரையிலும் காயலிலும் இருந்து கேட்ட மக்களுக்கு ஒன்றும் விளங்கியிராது. அவர்கள் அறிந்த அச்சங்களால் வழியை அளந்து காட்டியபோது, ஒரு மாத வழி அவர்தம் நெஞ்சில் ஒரு மாதமாகவே நீண்டது. ஒவ்வோர் அச்சத்தின் முனையிலும் அண்ணலாரின் துணை கூட்டத்தாரைக் காத்தது என்னும் செய்தியும் உடன் பதிந்தது. நிலநூலில் தவறிய புலவர், வழியின் உணர்வில் தவறவில்லை. நிலநூல் பிழையின்றி எழுதும் இக்கால ஆசிரியர் பலர் அவ்வுணர்வைத் தவறவிடுகின்றனர் என்பதே என் குறை.

அண்மைக் காலத்தில் வெளிவரும் ஹஜ்ஜு, உம்ராப் பயண நூல்கள் பலவற்றை இவ்வகையில் நோக்கினேன். நோக்கம் தூயது, அமல்களின் விளக்கம் பெரும்பாலும் செம்மையானது, துஆக்களின் தொகுப்பும் பயனுடையது. ஆனால் வழி இல்லை. வீட்டிலிருந்து விமான நிலையம், ஆறு மணி நேர அளவில் ஜித்தா, பேருந்தில் மக்கா, விடுதியின் மாடி எண், உணவின் சுவை என்று முடிந்துவிடுகின்றது. சென்னைக்கும் ஜித்தாவுக்கும் வானவழித் தொலைவு ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர் என்ற எண்ணைச் சில நூல்கள் தருகின்றன. அந்த எண்ணுக்குள் இருக்கும் மனிதர்களை ஒரு நூலும் தரவில்லை. பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த மூதாட்டி எத்தனை ஆண்டு சிறுகச் சேர்த்துப் புறப்பட்டார், இஹ்ராம் உடுத்தபோது அவர் மகன் முகம் எவ்வாறு இருந்தது, அரஃபாவில் நிழல் தேடியபோது இடம் விட்டுக் கொடுத்தவர் எந்நாட்டவர் என்பன எழுதப்பெறாமலே போகின்றன. விமானத்தில் செல்வதால் வழி இல்லாமற் போய்விடவில்லை, காண்பவர் குறைந்துவிட்டனர்.

மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே 2018இல் அதிவேக இரயில் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 450 கிலோமீட்டர் வழியை இரண்டரை மணிக்கும் குறைவான நேரத்தில் கடக்கலாம். முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் அது பேருதவி. இறைவனுக்கு நன்றி செலுத்தற்குரியது. ஆயினும் ஹிஜ்ரத்தை நினைந்து பாருங்கள். அண்ணலார் வடக்கே உள்ள மதீனாவுக்குப் புறப்பட்டு, முதலில் தெற்கே திரும்பி தௌர்க் குகையில் மூன்று இரவுகள் தங்கினார்கள். பின்னர் வழக்கமில்லாத வழியில் சென்றார்கள். உம்மு மஃபதின் கூடாரம், பின்தொடர்ந்து வந்த ஸுராக்காவின் குதிரை, ஒரு வாரத்துக்கு மேற்பட்ட பயணத்தின் இறுதியில் குபா என ஹிஜ்ரத்தின் வரலாறு முழுதும் இரு நகரங்களுக்கும் இடையிலேயே உள்ளது. மக்கா, மதீனா என்னும் இரு பெயர்களையும் ஓர் எண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டால் நமக்கு ஹிஜ்ரத்து இல்லை. இடம் பெயர்தல் ஒன்றே எஞ்சும். இரயிலில் செல்லும் நம் எழுத்தாளர் அவ்வழியைச் சாளரத்தின் வழியேனும் நோக்கி எழுதலாம்.

ஹஜ்ஜின் அழைப்பைக் கூறும் 22ஆம் அத்தியாயத்தில், மக்கள் நடந்தும் மெலிந்த ஒட்டகங்களின் மீதும் தொலைவான வழிகள் தோறும் வருவர் என்ற கருத்து வருகின்றது. அவ்விடத்தில் தொலைவுக்கு ஆளப்பெற்ற சொல் "அமீக்" என்பது. அதன் நேர்ப்பொருள் ஆழம். கிணற்றுக்கும் கடலுக்கும் ஆழம் கூறுவோம். வழிக்கு ஆழம் கூறியது திருமறை. ஒட்டகத்தின் மெலிவையும் உடன் கூறியது. எத்தனை மைல் என்பதை அம்மெலிவே சொல்லிவிடுகின்றது. அரபு கற்கும் மாணவர்க்குத் தொலைவைச் சொல்லும் முறைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை நான் காட்ட மாட்டேன்.

இதனை இப்போது வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் நம் பகுதியிலிருந்து ஹஜ்ஜுக்குச் சென்றோர் பலர் இரயிலேறி மும்பை சென்று, முறைக்காகக் காத்திருந்து, கப்பலில் ஜித்தா சேர்ந்தனர். மும்பையிலிருந்து ஹாஜிகளை ஏற்றிச் சென்ற கப்பல் போக்குவரத்து 1995ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. கப்பலில் சென்றவர்களில் அன்று இளைஞராயிருந்தோரே இன்று முதியோர். கடலில் தொழுகைக்கு அணி நின்றது எவ்வாறு, அலையில் கிப்லா திரும்பியபோது என்ன செய்தனர், யலம்லமின் நேர் வந்தது என்று அறிவித்ததும் கப்பல் எவ்வாறு ஒலித்தது, வழியில் இறந்தவரைக் கடலில் அடக்கியபோது ஜனாஸாவை யார் நடத்தினர், திரும்பி வந்தவரை ஊர் எதுவரை சென்று எதிர்கொண்டது என்பனவற்றைச் சொல்லக் கூடியவர்கள் அவர்களே. இவற்றை நாம் எழுதி வைக்கவில்லையெனில், நாவல் தாவளத்துக்கு 27 காதம் என்ற கல்லைப் போல, மும்பைக்கும் ஜித்தாவுக்கும் இத்தனை கடல் மைல் என்ற எண் ஒன்றே எஞ்சும். தாவளம் போய்விடும்.

ஆகவே இம்மாத இதழைப் படிக்கும் குடும்பத்தார்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ மஹல்லாவிலோ கப்பலில் ஹஜ்ஜுக்குச் சென்று வந்த பெரியவர் எவரேனும் இருப்பின், உங்கள் பிள்ளைகளை அவர் அருகே அமர்த்துங்கள். மக்காவில் என்ன கண்டீர்கள் என்பதை நூல்களில் படிக்கலாம். வழியில் என்ன கண்டீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதட்டும். நாம் திருத்தி நயப்படுத்த வேண்டா. அடுத்த முறை விமானத்தில் செல்பவரும் கையில் ஒரு சிறு ஏடு கொண்டு செல்லட்டும். எண்ணை ஒரு வரியில் எழுதிவிட்டு, எஞ்சிய பக்கங்களை வழிக்கும் வழித்துணைக்கும் ஒதுக்கட்டும்.

வழிப்போக்கனுக்கு உதவுவதைத் திருமறை நற்செயல்களுள் ஒன்றாக எண்ணுகின்றது. "இப்னுஸ் ஸபீல்", வழியின் மகன் என்று அவனுக்குப் பெயரிட்டது. பின்னால் வரும் வழியின் மகனுக்கு நீர் இருக்கும் இடத்தைச் சொல்லி வைக்கும் எழுத்தும் அவ்வுதவியைச் சார்ந்ததே. அத்தகைய எழுத்து நம் தமிழில் பெருக வல்ல இறைவன் அருள்புரிவானாக. ஆமீன்.